ஐந்தாவது விபத்து

தையல்காரர் சிக்னல் கேட்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். அவர் கடைக்கு முன்னால் நான்கு சாலைகள் கூடுகின்றன, சிக்னல் கிடையாது. போன வாரம் எதிர்க்கடைச் சலவைக்காரர் அங்கேதான் லாரியில் அடிபட்டுச் செத்தார்.

போக்குவரத்துப் பிரிவுப் பொறியாளர் கறாரான பெண், ஆனால் கல்நெஞ்சக்காரி அல்ல. ஃபைலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“இதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. ஒரு வருஷத்துல ஆள் அடிபட்ட விபத்து அஞ்சு இருந்தாத்தான் சிக்னல். போலீஸ்ல பதிவானது மட்டும்தான் கணக்கு. இங்க நாலுதான் இருக்கு.”

“அப்போ இன்னொருத்தர் விழுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கணுமாம்மா?”

“நான் அப்படிச் சொல்வேனா? வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. அத விட்டா பழைய விபத்தெல்லாம் ஒண்ணொண்ணா ஒரு வருஷத்தைத் தாண்டிடும். மறுபடி முதல்லேருந்துதான்.”

தையல்காரர் எழுந்து வந்துவிட்டார். ஐந்தாவது விபத்து எது என்று அவருக்குத் தெரியும். பத்து மாதங்களுக்கு முன், அதே இடத்தில் ஒரு வேன் அவருடைய பதினான்கு வயது மகளின் வலக்காலில் ஏறியது. எல்லா வண்டியும் முட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் இடுக்கில் புகுந்து வேகமாக வந்தவன் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரியில், வீட்டில் பீரோ சாய்ந்துவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னவர் தையல்காரரேதான். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஊருக்கு விளக்கு போட என் தம்பிதான் கெடச்சானா?”

“செத்தவன் சம்சாரம் தினம் கடைவாசல்ல வந்து நிக்குதுடி. என்னால நிமிந்து பாக்க முடியல.”

“என் தம்பிக்கும் ரெண்டு குழந்த இருக்கு. போனது நம்ம பொண்ணு காலு. நாமளே பொறுத்துக்கிட்டோம். அப்புறம் என்ன?”

மறுநாள் காலை மைத்துனனைத் தேடிப் போனார். அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் துணியைப் பிழிந்து கண்ணாடிமேல் போட்டான்.

“அன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போறேன்னேன் மாமா. நீங்கதானே என் கையப் புடிச்சு இழுத்தீங்க?”

“ஆமா மாப்ள. நான்தான்.”

“அன்னிக்குப் போயிருந்தா தப்பு பண்ணினவன். இன்னிக்குப் போனா ஓடி ஒளிஞ்சவன். நீங்க போங்க. நான் வரல.”

அவர் தனியாகவே போனார். எழுதிக்கொண்ட காவலர், “பொய் சொன்னதுக்கு உங்க மேலயும் கேஸ் வரும்” என்றார். வரட்டும் என்றார் தையல்காரர். மகளும் வாக்குமூலம் தரவேண்டியிருந்தது. கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொன்ன பிள்ளை, வெளியே வந்ததும், “மாமாவ என்னப்பா செய்வாங்க?” என்றாள். அவர் அவளைத் தாங்கிப் படியிறக்கினார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. ஐந்து விபத்து என்று படித்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த வாரம் மைத்துனனின் ஓட்டுநர் உரிமம் போனது, வேலையும் போனது. தம்பி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கிளம்பிய மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பவில்லை.

கம்பம் நட ஏழு மாதமானது. விளக்கு எரிந்த அன்று பொறியாளர் கடைக்குள் வந்தாள்.

“உங்க பிடிவாதம்தான் இது. பொண்ணு எப்படி இருக்கா?”

“இருக்கா. அவங்கம்மாவோட.”



ஞாயிறுதோறும் மகள் ஊன்றுகோலோடு அப்பாவைப் பார்க்க வருவாள். கூட்டி வருபவன் மாமன்தான். மூட்டை தூக்கப் போய் உடம்பு பாதியாக இளைத்திருந்தான். சாலையின் எதிர்ப்புறத்திலேயே நின்றுகொள்வான். ஒருமுறை தையல்காரர் வாசலுக்கு வந்து, “உள்ள வா மாப்ள” என்று கையசைத்துக் கூப்பிட்டார். வண்டிகள் நின்றன, நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தது, ஆட்கள் கடந்தார்கள். அவன் அசையவில்லை. அவர் உள்ளே போய் மகளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.