அளக்காத தரை

கணினித் திரையில் கடலடித் தரை, போதிய ஆழம் என்று காட்டும் ஒரே பச்சையாக, புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரைபோல் வழவழவென்று கிடந்தது. கடலாழம் அளக்கும் கம்பெனியின் முதலாளி வன்னியபெருமாள் சாருக்கு இந்த நிறப்படம்தான் பிடிக்கும். காலையிலேயே அதைத் துறைமுகத்துக்கு அனுப்பியாகிவிட்டது.

அடுத்த வேலைக்காக ரீனா படத்தின் கோடுகளைத் தெரியவைத்தாள். படகில் போய் ஆழம் அளந்த புள்ளிகளை, பக்கத்துப் புள்ளிகளோடு முக்கோணங்களாக இணைத்துத்தான் மென்பொருள் தரையை உருவாக்கும். எங்கும் பொடிப்பொடி முக்கோணங்கள். கப்பல் திரும்புகிற இடத்தில் மட்டும் நாலைந்து முக்கோணங்கள் நீண்டு கிடந்தன. அவற்றுக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. அளந்த அன்று அங்கே அலைத்தடுப்புக்குக் கல் ஏற்றிய பார்ஜ் என்கிற தட்டைப் படகு நின்றது. படகு அதைச் சுற்றிக்கொண்டு போனது. அளக்காத இடத்துக்கும் மென்பொருள் தாராளமாகப் பச்சை பூசிவிட்டது. பார்ஜிலிருந்து கல் சரிந்திருந்தால்?

சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ரெண்டு பக்கமும் பதினஞ்சு மீட்டர் இருக்குல்லா. நடுவுல மட்டும் மலையா மொளைச்சிருக்கும்?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “இப்பம் போய்ச் சொன்னா கம்பெனிய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். வாயத் தொறக்காத.”

ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிக் கப்பல் உள்ளே நுழைந்துவிட்டிருந்தது. அதன் மூக்கை ஒட்டி ஓடிய இழுவைப் படகை ஓட்டுவது ஜெனோ, அவள் கணவன். கப்பல் தரைதட்டித் திரும்பினால் முதலில் நசுங்குவது அந்தப் படகுதான். வேலை போனால் போகட்டும் என்று நினைக்க அவளுக்குத் தைரியமில்லை. வேலையும் வேண்டும், அவனும் வேண்டும். போனை எடுத்தாள்.

“ஏங்க, கப்பல் திரும்புற எடத்த நாங்க அளக்கவே இல்ல. அங்கன கல்லு கெடக்கலாம். நிப்பாட்டச் சொல்லுங்க.”

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ஜெனோவின் குரல் கேட்டது. “ஏளா, பதினஞ்சு மீட்டருன்னு படத்தப் பாத்துத்தான பைலட் கப்பல உள்ள கொண்டு வாராரு. யாரு சொன்னான்னு கேப்பாரு. ஒம் பேரச் சொல்லவா?”

சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க.”

போனை அணைக்காமலே அவன் வாக்கிடாக்கியில் பேசுவது கேட்டது. அவள் பெயர், கம்பெனி பெயர், மறுபடியும் அவள் பெயர். பதிலுக்கு வெறும் இரைச்சல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கப்பலின் புகைபோக்கியிலிருந்து குப்பென்று கரும்புகை கிளம்பியது. பின்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது. எஞ்சினைப் பின்னுக்குப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கறுத்த முகப்பு, இழுவைப் படகைத் தன் நிழலுக்குள் வைத்துக்கொண்டு, முன்னால்தான் வந்துகொண்டிருந்தது.