தக்சாயினி போகாத வீடுகள்

“அம்மா, நீங்கள் போகாட்டி அந்த வீடுகள் ஊத்தையாவே கிடக்குமோ?”

முதலாம் வகுப்பில் படிக்கும்போது மகள் ஆதிரை கேட்ட கேள்வி அது. “ஓம், கிடக்கும்” என்று தக்சாயினி சிரித்தாள். அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஒன்பது வருடமாகியும் அந்தப் பெருமை அவளை விட்டுப் போகவில்லை.

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பதினான்கு வீடுகளைத் துப்புரவாக்கும் சின்ன நிறுவனம் அவளுடையது. பாலாம்பிகையும் பிளோறன்ஸும் அவளிடம் வேலை செய்தார்கள். அவர்கள் துடைத்த இடத்தை அவள் பின்னால் போய் இன்னொரு தரம் துடைப்பாள். இப்போது குடியிருப்புகளைப் பராமரிக்கும் ஒரு கம்பனி, ஐந்து கட்டடங்களை ஏற்கமுடியுமா என்று கேட்டிருந்தது. நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும்.

“கையெழுத்தை வையுமப்பா. இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்தால் காணும்தானே” என்றான் கணவன் பிருந்தன்.

“அவையளுக்குப் பின்னால ஆர் போய்த் துடைக்கிறது?”

“அதுதானே, துணியை விட்டால் உமக்குக் கை நடுங்கும்.”

அந்த வெள்ளிக்கிழமையே கெல்லர் என்ற வாடிக்கையாளரம்மா தொலைபேசியில் அழைத்தார். சமையலறை மூலையில் குப்பையைக் குவித்து, மேலே பத்திரிகைத் தாளை மூடிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

பாலாம்பிகை ஒளிக்கவில்லை. “நாலரைக்கே இருண்டு போச்சக்கா. விளக்கு வைக்கிற நேரம், வெள்ளிக்கிழமை வேற. அந்த மனிசியின்ர லட்சுமியை நானே கூட்டி வெளியில தள்ளுறதோ?”

“அந்த மனிசிக்கு லட்சுமியை ஆரெண்டே தெரியாதடி” என்று பிளோறன்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தக்சாயினியால் ஏச முடியவில்லை. அவளும் தன் வீட்டில் விளக்கு வைத்தபின் விளக்குமாற்றைத் தொடமாட்டாள். தானே போய்க் குப்பையை அள்ளினாள். ஒரு குவியலுக்கே ஓடவேண்டியிருந்தால் ஐந்து கட்டடம் எப்படி? மறுப்புக் கடிதம் எழுதி மேசையில் வைத்தாள்.

அதைத் தபாலில் போடுமுன்னரே, ஈரமான குளியலறைத் தரை ஓட்டில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு கிழமை காலை ஊன்றக்கூடாது என்றார் வைத்தியர்.

முதல்நாள் அவள் ஏழு தரம் தொலைபேசி எடுத்தாள். எட்டாம் தரம் பிளோறன்ஸ் சொன்னாள்: “அக்கா, போனை வையுங்கோ. வேலை கிடக்கு.”

கால் தேறியதும் நொண்டி நொண்டி முதலில் போனது கெல்லரம்மா வீட்டுக்குத்தான். மூலைகளைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. இப்போது வெள்ளிக்கிழமை காலையிலேயே வருகிறார்கள் என்றார் அந்த அம்மா. பாலாம்பிகை வந்து மன்னிப்புக் கேட்டு, இருட்டியபின் ஏன் கூட்டமாட்டாள் என்று அரைகுறை டொச் மொழியில் விளக்கினாளாம். அழகான வழக்கம், காலை நேரமே தனக்கும் வசதி என்றார். நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவர் கேட்கவேயில்லை.

தக்சாயினிக்கு அது ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணம் மனம் லேசானது. பிழை விட்டவளே போய், யாரும் சொல்லாமல், அதைத் திருத்தியிருக்கிறாள். பெருக வேண்டிய வேலைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆண்டவன் காலைப் பிடித்து உட்கார வைத்ததும் இதைக் காட்டத்தான் என்று அவள் நம்பினாள். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள்.

அடுத்த செவ்வாய் காலை அவளுக்கு எந்த வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. கால் பிசகிக் கிடந்த நாட்களைத் தவிர்த்தால், ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் தரம்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் படிக்கட்டைக் கிழமைக்கு ஒரு வீட்டார் கூட்டித் துடைப்பது வழக்கம். முறை வந்தவர் கதவில் ஒரு பலகை தொங்கும். அவள் கால் பிசகிக் கிடந்த கிழமை அது அவள் கதவில் தொங்கியது. ஆனாலும் படிகள் பளிச்சென்று இருந்தன. பிள்ளைகள் செய்திருப்பார்கள் என்று பிருந்தன் நினைத்தான். அவளுக்குத் தெரியும். படிகளில் வினாகிரியின் புளித்த நெடி மணத்தது. தண்ணீரில் வினாகிரி விட்டுத் துடைப்பவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்: மேல்மாடியில் தனியே இருக்கும் பெரியவர் பவ்மன். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இப்போது பலகை அவர் கதவில் தொங்கியது. செவ்வாய் காலைகளில் அவர் முழங்கால் பயிற்சிக்குப் போய்விடுவார்.

தக்சாயினி வாளியில் வெந்நீர் பிடித்து, ஒரு மூடி வினாகிரி விட்டாள். மேல்படியில் தொடங்கி நிலவறை வரை துடைத்தாள். படிகள் காய்வதற்குள் உள்ளே வந்து கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.