நாலு விரலுக்கு ஒரு தரம்

கடையில் தொங்கிய புடவை ஒவ்வொன்றிலும் ஜெசிந்தா சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகல அட்டையில் அவள் படம். கீழே 'கையால் நூற்ற நூலில், கைத்தறியில் நெய்தவர்: ஜெசிந்தா, வானூர்' என்று அச்சு. இரண்டு வருடத்துக்கு முன் கடைக்காரர்கள் வீடு தேடி வந்து, தறியில் உட்காரவைத்து எடுத்த படம். அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இன்று, இத்தனை புடவை எப்படி வந்தது என்றிருந்தது. ஆர்டர் இல்லை என்று நாலு மாதமாக அவளுக்கு நூலே வரவில்லை. தறி சும்மா கிடக்க, அவள் கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தாள். நூல் கேட்கத்தான், தான் நெய்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள்.

தொங்கியதில் ஒன்றின் ஓரத்தைத் தடவினாள். நெய்யும்போது துணி சுருங்காமலிருக்க, இரு முனையிலும் ஊசி வைத்த குச்சியைக் குறுக்கே குத்தி வைப்பாள். நாலு விரல் அளவு நெய்ததும் பிடுங்கி, தள்ளிக் குத்துவாள். அந்தத் துளைகள் ஓரத்தில் அப்படியே நிற்கும். இந்த ஓரமோ மொழுமொழுவென்றிருந்தது.

"சித்ரா, நான் நெய்யாத பொடவையில என் மூஞ்சி எப்பிடிம்மா தொங்குது?"

கடையைப் பார்த்துக்கொள்ளும் சித்ராவின் முகத்தில் ஈயாடவில்லை. "மெதுவா பேசுக்கா. மொதலாளி எங்கியோ மிஷின் துணிய வாங்கிக்கினு வந்து ஒன் படத்த மாட்டச் சொல்றாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

அதற்குள் கண்ணாடி முன் நின்றிருந்த சென்னைக்கார அம்மாள் திரும்பிவிட்டாள். அட்டையையும் ஜெசிந்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ, இது நீங்களா! பொண்ணு கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குப் பத்து புடவை எடுத்திருக்கேங்க. எல்லாம் உங்க கையால நெய்ஞ்சதுன்னு சொல்லித்தான் குடுக்கப்போறேன்."

சித்ரா முந்திக்கொண்டாள். "அக்காவுக்கு நாளைக்கே நூலு அனுப்புறோம் மேடம். இனிமே வருசம் பூரா வேல." சொல்லிக்கொண்டே ஜெசிந்தாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

வந்த காரியம் முடிந்தது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் நாளை தறி ஓடும். வெயிலில் நாலு மாதம் குனிந்த முதுகு அதைத்தான் சொன்னது. ஆனால் பத்து வீட்டுக்கு அவள் மூஞ்சியல்லவா போகிறது? முதல் சலவையில் சாயம் போனால் திட்டு யாருக்கு? ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம் முட்டியது. தான் அங்கே வந்திருக்கவே கூடாது என்று நினைத்தாள்.

"கைத்தறின்னு எதை வெச்சுங்க கண்டுபிடிக்கறது? நீங்களே சொல்லுங்க, வீடியோ எடுத்துக்கறேன்." அந்த அம்மாள் போனைத் தூக்கினாள்.

முழங்கையில் சித்ராவின் நகம் பதிந்தது.

"ஓரத்தப் பாக்கணும்மா," என்றாள் ஜெசிந்தா. தன் முந்தானையை இழுத்து அதன் ஓரத்தை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நாலு விரலுக்கு ஒரு தரம் வெயில் பொட்டுப் பொட்டாக வந்தது. பிறகு கடைப் புடவை ஒன்றை உருவி, அதே வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

சித்ராவின் பிடி விட்டுப்போனது. அந்த அம்மாள் போனைத் தாழ்த்திவிட்டுக் கிட்டே வந்து, அந்த ஓரம் முழுக்கப் பொட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.