கோழிக்கு வந்த ஊசி

கோழி இருட்டில்தான் பிடி கொடுக்கும். வெயில் ஏறிவிட்டால் கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். அதனால் விடியற்காலை நாலரைக்கே மோகனூர்ச் சாலைப் பண்ணையில் வேலையாட்கள் பதினோரு பேரும் ஷெட்டுக்குள் நின்றார்கள். எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. கண்ணாத்தாள் கூண்டுக்குள் கைவிட்டு, இரண்டு இறக்கைகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கோழியை வெளியே இழுத்தாள். நகம் கீறிய கையில் இன்னொரு கீறல் விழுந்தது. கெண்டைக்கால் கட்டு விண்விண்ணென்று தெறித்தது.

மூன்று நாளைக்கு முன், செத்த கோழி போடும் குழியோரம் நாய் கவ்விய இடம் அது. வேலி பிய்ந்து ஆறு மாதமாகிறது. கம்பி வாங்கத்தான் முதலாளிக்கு நேரமில்லை! அன்றைக்கே அரசு ஆசுபத்திரியில் சோப்புப் போட்டுக் கழுவி முதல் ஊசி போட்டார்கள். "மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் தவறாம வந்துரோணும். நோய் கண்டுட்டா யாராலயும் காப்பாத்த முடியாது" என்று சீட்டில் வட்டம் போட்டுக் கொடுத்தார் நர்சம்மா. அந்த நாய் நேற்று வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. இன்று மூணாம் நாள். ஆனால் அக்கம்பக்கத்தில் கோழி நோய் என்று நேற்று மாலையே கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வேலையாட்களின் குடியிருப்பும் உள்ளேதான். வெளியே போனால் திரும்ப வரமுடியாது.

முதலாளி பாலசுந்தரம் ஐஸ் பெட்டியைத் திறந்து, கோழிகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தைக் கரைத்தார். "கரைச்சா ரெண்டு மணி நேரந்தான் தாங்கும். இந்த ஷெட்ட மட்டும் சட்டுனு முடிங்க."

"ஏனுங்க, எனக்கு இன்னிக்கு ஊசிங்க. கேட்டைத் தொறந்து உட்டீங்கன்னா பத்து மணிக்கெல்லாம் வந்துருவேனுங்க" என்றாள் கண்ணாத்தாள்.

"போயி நோயைக் கட்டிட்டு வாரதுக்கா? முப்பதாயிரம் கோழி! ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனா உசுரா போயிரும்?"

"போயிருமுங்க. கோழி மருந்த ஒரு நாள் தள்ளிப் போட உடுவீங்களா?"

"கோழியும் நீயும் ஒண்ணா?"

"இல்லீங்க. கோழிக்கு ஒரு தேதியும் தவறுனதில்லீங்க."

பக்கத்தில் நின்ற ராசம்மாள் பிடித்த கோழியைக் கூண்டில் விட்டுவிட்டு, சேலைக் கொசுவத்தை முழங்கால்வரை தூக்கினாள். இரண்டு பல் தடம். சுற்றிலும் மருந்துக் கறை.

"என்னையும் அதே நாய்தான் கடிச்சுது கண்ணு. நாலு நாளாச்சு. ஷெட்டு வாசல்ல கால் நனைக்கற மருந்துத் தொட்டியில முக்கி எடுத்துட்டேன். கோழி நோயே அதுல சாவுதுன்னாங்க, நாய் வெசம் சாவாதான்னு நெனச்சேன். சொன்னா வேலை போயிருமுல்ல?"

"ஒரு ஊசி கூடவா போடல அக்கா?" கண்ணாத்தாளுக்குத் தன் காலின் வலியே மறந்துவிட்டது. கையிலிருந்த கோழியை உள்ளே விட்டுக் கூண்டைச் சாத்தினாள். அடுத்தவளும் சாத்தினாள். வரிசையாகக் கூண்டுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பதினோரு பேரும் போய்க் கேட்டை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"மருந்து வீணாகுதுடி! வேற ஆளைக் கூட்டியாந்துருவேன்!"

"கூட்டியாங்க. அவிங்களும் இந்தக் கேட்டுலதான வரோணும்? வெளியாளு வந்தா நோய் வராதுங்களா?" என்றாள் கண்ணாத்தாள்.

பாலசுந்தரம் பூட்டிய கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க ரெண்டு பேரும் போயி ஊசி போட்டுட்டு, குளிச்சுத் துணி மாத்தி உள்ள வாரோமுங்க. வேலியையும் கட்டிருங்க. அதுவரைக்கும் ஒரு கோழியும் பிடிக்க மாட்டோம்."

ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. பாலசுந்தரம் சட்டைப் பையிலிருந்த கேட்டுச் சாவியைத் தடவிக்கொண்டே நின்றார். கண்ணாத்தாள் வட்டம் போட்ட சீட்டை மடியிலிருந்து எடுத்து ராசம்மாளின் கையில் வைத்தாள்.

"உனக்கும் ஒண்ணு எழுதித் தருவாங்கக்கா. ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம்."

வெயில் ஏறியது. யாரும் எழுந்திருக்கவில்லை.