இடம் இல்லாத கம்ப்யூட்டர்

"பழைய மெயில் எல்லாத்தையும் இன்னிக்கே அழிச்சிடும்மா. உன் கம்ப்யூட்டர்ல இடமே இல்லையாம்," என்றார் மேனேஜர்.

ஸ்டோர் கிளார்க்குக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டர் திணறிக்கொண்டுதான் கிடக்கிறது. அன்றெல்லாம் இல்லாத அக்கறை இன்றைக்கு மட்டும் எங்கிருந்து பொத்துக்கொண்டு வந்ததாம்? நாளைக்கு விசாரணை. அதுதான் சங்கதி. பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பு கழன்று ஆடுகிறது என்று அவள் மேனேஜருக்கு நாலு மெயில் எழுதியிருந்தாள். ஐந்தாவது எழுதுவதற்குள் அந்த மெஷினில் ஃபிட்டர் அண்ணனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. இப்போது அவருடைய கவனக்குறைவு என்று சொல்லி, அவரை வேலையை விட்டே தூக்கப் பார்க்கிறார்கள். அந்த நாலு மெயிலும் இருப்பது இவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். மேனேஜர் தன்னிடம் இருந்ததைப் போன வாரமே துடைத்துவிட்டார்.

"இடம்தானே சார் இல்ல? நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு மணிக்கு நானே வந்து பாப்பேன்."

வாய்யா வா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஸ்டோரில் பிரிக்காத ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தது. ஆனால் மேனேஜர் கையெழுத்தில்லாமல் அங்கிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகாது. சீட்டு எழுதினாள்: 'ஹார்டு டிஸ்க் ஒன்று. காரணம்: இடம் இல்லை.' போல்ட், கிரீஸ் சீட்டுகளோடு அதையும் சேர்த்து நீட்டினாள். அந்த மனுஷர் என்றைக்குப் படித்துக் கையெழுத்துப் போட்டார்? போனில் பேசிக்கொண்டே எல்லாவற்றிலும் கிறுக்கித் தள்ளினார்.

அடுத்து, கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"நீயா மாட்டப்போற? மிக்ஸி மூடியே உனக்கு நேரா மாட்ட வராதேக்கா!"

"நக்கலெல்லாம் அப்புறம். மளமளன்னு சொல்லுடி."

கரண்டைப் பிடுங்கினாள். பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே அப்பியிருந்த தூசியைத் துடைத்தாள். பழைய டிஸ்க்குக்குக் கீழே புதியதை வைத்து நாலு திருகாணி முடுக்கி, இரண்டு வயரையும் சொருகினாள். தங்கை சொன்னபடி ஃபார்மேட் செய்ததும் புது டிரைவ் திரையில் வந்து நின்றது. மெயில் ஃபைலை அதற்கு நகல் எடுக்கப் போனால், முடியாது என்று முரண்டு பிடித்தது.

"சனியன், போகமாட்டேங்குதுடி!"

"மெயிலை மூடினியா?"

"...இல்ல."

"மூடித் தொலைக்கா! திறந்து வச்சிக்கிட்டு நகல் எடுத்தா எப்படி வரும்?"

மூடியதும் போயிற்று. இனிமேல் புது இடத்திலிருந்து திற என்று மெயில் புரோகிராமுக்கு வழி காட்டினாள். திறந்து பார்த்தால், நாலும் தேதியோடு பத்திரமாக இருந்தன. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"கடைசியா பழைய ஃபைலை அழிச்சிடு. அப்பதான் இடம் வரும்," என்று தங்கை போனை வைத்தாள்.

அவள் மெயிலை மூடிவிட்டுப் பழைய ஃபைலைத் தேடி எடுத்த நேரம், மேனேஜர் வந்து நின்றார்.

"இன்னுமா அழிக்கல? தள்ளு." அவரே உட்கார்ந்து அதை அழித்தார். திரையிலிருந்த குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். "இதுக்குப் போய் அரை நாளா?"

"ரொம்ப தேங்க்ஸ் சார்," என்றாள். பாக்கியிருந்த ஒரே வேலை அதுதான்.

மறுநாள் விசாரணை அதிகாரி வந்தார். ஃபிட்டர் அண்ணன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் சரியில்லன்னு யாருமே எழுதித் தரல சார்," என்றார் மேனேஜர்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். நாலு மெயில். மூன்றாவதற்கு மேனேஜரின் பதிலும் இருந்தது: 'பார்க்கலாம்.'

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதை நேத்து என் கையாலேயே அழிச்சேனே!"

அதிகாரி நிமிர்ந்தார். "எதை அழிச்சீங்க?"

"பழைய டிஸ்க்ல இருந்த மெயிலை சார். இது புது டிஸ்க்ல எடுத்த நகல்," என்றாள் அவள்.

மேனேஜர் அவள் மேல் பாய்ந்தார். "யாரைக் கேட்டு இன்னொரு டிஸ்க் போட்ட?"

"உங்களைக் கேட்டுத்தான் சார்." அவர் கையெழுத்துப் போட்ட சீட்டை மேஜையில் வைத்தாள். "இடம் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஃபிட்டர் அண்ணன் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"நாலையும் படிம்மா," என்றார். "தேதியோட, சத்தமாப் படி."

அவள் படித்தாள்.