பின்சீட்டில் உட்கார்ந்தவள்

பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் நான் மூட்டை தூக்குகிறவன். அடையாறு கிளைக்கு ஒரு பொம்மை போக வேண்டியிருந்தது. உட்கார்ந்த மாதிரி செய்த பெண் பொம்மை. பட்டுப் புடவையும் கட்டியாகிவிட்டது. மடிப்புக் கலையக் கூடாது என்றார் முதலாளி. அதனால் என் வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்து, அதன் கையை என் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் அபராதம் வந்தது. பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடவில்லையாம். சிக்னலில் வைத்திருக்கும் ஏஐ கேமரா தானே பார்த்து, தானே எழுதி, போட்டோவும் அனுப்பியிருந்தது. வண்டிக்குக் கொடுத்திருப்பதோ என் மனைவி ஷீலாவின் போன் நம்பர்.

“யாருய்யா இவ?”

“பொம்மைடி.”

“பொம்மை உன் தோள்ல கை போட்டுக்கினு சிரிக்குதா?”

“சத்தியமா பிளாஸ்டிக்கு.”

“மிஷின் பொய் சொல்லுமா? அதுக்கு உன் மேல இன்னா பகை?”

அன்றைக்கு அவள் எனக்குத் தட்டு வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

போக்குவரத்து எஸ்.ஐ. மர்சலின் மேடத்திடம் போய் நின்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“குத்தம்னா அதுக்கு மனசு வேணும்யா. பொம்மைக்கு மனசு இல்ல. புடிச்ச கேமராவுக்கும் இல்ல. நடுவுல மாட்டுனவன் நீ. அதைக் கொண்டாந்து காட்டு, ரத்து பண்றேன்.”

வீட்டில் சொன்னேன். “நானும் வரேன்” என்றாள் ஷீலா. “அந்த மூஞ்சிய நேர்ல பாக்கணும்.”

அடையாறு கடையில் பொம்மையின் கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது அவள் நகம்தான். பாதிக் கோபம் இறங்கியது. ஆனாலும் வண்டியில் பொம்மையை நடுவில் வைத்துப் பின்னால் ஏறியவள், தன் ஹெல்மெட்டை அதன் தலையில் கவிழ்த்தாள்.

“இவளாலதான வம்பு. இவளே போட்டுக்கட்டும்.”

ஸ்டேஷனில் மர்சலின் பொம்மையின் தலையைத் தட்டிப் பார்த்தார். டொக். அபராதம் ரத்து. பிறகு, நாங்கள் அதே சிக்னலைத் தாண்டி வந்த படத்தைத் திரையில் காட்டினார். கேமரா கட்டம் கட்டி எழுதியிருந்தது. ஓட்டுபவர், ஹெல்மெட் உண்டு. பயணி, ஹெல்மெட் உண்டு. மூன்றாவது கட்டம் ஷீலா மேல் இருந்தது: சரக்கு.

“அவ மனுஷி, நான் மூட்டையா?”

“வுடும்மா. உன் மேல கேஸ் இல்ல, சந்தோஷமாப் போ.”

“அதெப்படி மேடம்? ஹெல்மெட் இல்லாம வந்தது நான். மனசோடதான் வந்தேன். எனக்கு ஒண்ணு போடுங்க.”

மர்சலின் என்னைப் பார்த்தார். நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வீட்டிலும் சண்டை சுமக்க எனக்குத் தெம்பில்லை.

“போட்டுடுங்க மேடம்” என்றேன்.

பொம்மையை ஆட்டோவில் அனுப்பினேன். திரும்பும்போது ஷீலா ஹெல்மெட்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். சிக்னல் வந்ததும் அதன் கண்ணாடியை மேலே தூக்கி, என் தோளில் கை போட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.