தட்டாத கதவு

விசில்காரர் வீட்டுக் கதவை யாரும் தட்டக் கூடாது என்று சட்டம் போட்டவளே தையல்காரிதான். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். நல்ல எண்ணம் செய்கிற கெடுதலுக்கு யார் கேஸ் போடுவது?

விசில்காரர் என்றால் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். மனைவி போன பிறகு, முதல் மாடியில் தனிக்கட்டை. பக்கவாதம் வந்து வலது கை வேலைக்கு ஆகாமல் போய்விட்டது. அவர் வீட்டுக்கு நேர் கீழேதான் தையல்காரியின் வீடும் மெஷினும். மத்தியானத்தில் மோட்டார் ஓடினால் மேலிருந்து ஊன்றுகோலால் தரையை இடிப்பார். அவளும் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்திவிடுவாள்.

அவர் நிலைமையை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். சட்டையைக் கொண்டுவந்து, "கொஞ்சம் உள்ளே பிடிச்சுக் குடும்மா, துணி விட்டுக்குடுத்திருச்சு" என்றார். பிடித்துக் கொடுத்தாள். சில வாரத்தில் அதே சட்டை மறுபடியும் வந்தது. துணி எங்கேயாவது ஆளைச் சுற்றி வளருமா? அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேரில் கொடுத்தால் வாங்க மாட்டார். டிக்கெட் இல்லாமல் தன் மாமனாரையே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட மனுஷன். அதனால் நாலு வீடும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை. சாப்பாட்டு டப்பாவை, தையல்காரி வெட்டுத் துணியில் தைத்த பையில் போட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, சத்தம் போடாமல் இறங்கிவிட வேண்டும். தட்டக் கூடாது, கேட்கக் கூடாது, எதிரே பார்த்தால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் காலி டப்பா கழுவித் துடைத்துப் பிடியில் தொங்கும். எடுத்து வரும்போது அவளுக்கு உள்ளங்கால் வரை குளிரும். இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள் இதெல்லாம் என்று கணவனிடம் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

மருந்துக்கடைக்காரர் மனைவி ஒரு நாளை எடுத்துக்கொண்டாள். மேல்மாடி வங்கிக்காரர் வீடு ஒன்று. நாலாவது, விசில்காரருக்கு எதிர்வீட்டுப் பெண். புருஷன் வெளியூர் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். "நானும் ஒரு நாள் வெக்கிறேன்க்கா" என்று அவளாகவே வந்து கேட்டாள். ரொம்பத் தங்கமான பெண் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அன்று காலை தையல்காரி தன் டப்பாவை எடுத்து வந்தாள். திருகு மூடி திறக்கவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள், அசையவில்லை. கடைசியில் கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து கொடுத்தான். "என்ன முறுக்கு முறுக்கியிருக்காரு உங்க விசில்!" என்று கையை உதறிக்கொண்டே வேலைக்குப் போனான். அவளும் சிரித்தாள்.

மத்தியானம் அவசரத் துணி. மோட்டாரைப் போட்டாள். மேலிருந்து சத்தமே இல்லை. அப்பாடா என்று ஒரு பாவாடை தைத்தாள், இன்னொன்றும் தைத்தாள். நேற்று அப்படி இல்லை. நேற்று இடி இடி என்று இடித்தார். மெஷினை நிறுத்திய பிறகும் விடாமல் இடித்தார். "சோத்தையும் போட்டு இடியும் வாங்கணுமா?" என்று எரிச்சலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நூல் வாங்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மேலே சத்தம் நின்றிருந்தது. மனுஷனுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கை தேவைப்படுகிற மூடியை ஒற்றைக் கைக்காரர் எப்படி முறுக்கினார்?

ஊசி துணியிலேயே நிற்க, எழுந்து மாடி ஏறினாள். கதவிடுக்கில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. காலணா மின்சாரத்தைக்கூட வீணாக்காத மனுஷன் பட்டப்பகலில் விளக்கு எரிப்பாரா? பிடியில் இன்றைக்கு மருந்துக்கடைக்காரி மாட்டிய பை இல்லை. எடுத்தாகிவிட்டது.

தன் சட்டத்தைத் தானே மீறித் தட்டினாள். "ஐயா! நான்தான், கீழ்வீடு." உள்ளங்கையால் அறைந்தாள். எதிர்வீட்டுக் கதவு விரற்கடை திறந்து, உடனே மூடிக்கொண்டது.

கணவனுக்கு போன் செய்தாள். அவனும் கட்டடத்துக் காவல்காரரும் வந்து தாழ்ப்பாளை உடைத்தார்கள். விசில்காரர் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே கிடந்தார். ஊன்றுகோல் இடது கையிலேயே இருந்தது. தரையில் ஒரே இடத்தில் சிமெண்ட் பெயர்ந்து வெள்ளையாக இருந்தது. அதற்கு நேர் கீழே எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் மெஷின் இருக்கிறது.

ஆம்புலன்ஸில் வந்தவர் தொட்டுப் பார்த்தார். "காலையிலதான் போயிருக்கும்மா. நேத்தே பாத்திருந்தா..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். சமையலறையில் பாதி பன் பாக்கெட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அவர்கள் உடலைத் தூக்க வழி பார்த்துக்கொண்டிருந்தபோது தையல்காரி எதிர்வீட்டுக் கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை. மருந்துக்கடைக்காரி மாட்டிய வெட்டுத் துணிப் பை மேசைமேல் கிடந்தது. பள்ளிச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள் டப்பாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"அடிப்பாவி" என்றாள் தையல்காரி. "சாகக் கெடந்த மனுஷன் சோத்தையா?"

"அவரே குடுத்தாருக்கா." அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். "முத நாளே கதவத் தொறந்து பைய எங்கிட்ட நீட்டினாரு. 'புள்ளைங்க ராத்திரி பசின்னு அழுவுறது எனக்குக் கேக்குதும்மா. எனக்கு பென்ஷன் வருது, பாத்துக்கறேன். கீழ சொல்லிடாத, உன் மானம் போயிடும்'னாரு. இவங்கப்பா பணம் அனுப்பறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு."

"உன் முறை வந்தப்போ என்னத்த வெச்ச?"

"காலி டப்பாதான். நானே மாட்டுவேன், நானே எடுத்துப்பேன்."

தையல்காரி மேசைமேல் இருந்த பையைப் பார்த்தாள். எத்தனை தடவை இந்தப் பெண்ணோடு படியில் நின்று பேசியிருக்கிறாள்! பேசியதெல்லாம் விசில்காரர் பசியைப் பற்றி.

"நேத்து?" என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தெனமும் பைய எடுக்கறப்ப தட்டுவேன், உள்ளேர்ந்து குரல் குடுப்பாரு. நேத்து குடுக்கல. தூங்குறாருன்னு..." நிறுத்தினாள். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். "பொய்க்கா. முனகுற சத்தம் கேட்டுச்சு. கீழே இடிக்கிறதும் கேட்டுச்சு. நீங்க ஏறி வருவீங்கன்னு படியையே பாத்துக்கிட்டிருந்தேன். நான் ஆளக் கூப்பிட்டா எல்லாம் வெளிய வந்துரும், பை நின்னுரும். நீங்க வந்துட்டா நான் சொன்னதா இருக்காதுல்ல. நீங்க ஏன்க்கா வரல?"

அறையத் தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு தானாக இறங்கியது.

வெளியே ஸ்ட்ரெச்சர் படியில் திரும்ப முடியாமல் முட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளை அக்காவைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, கடைசியில் தையல்காரியைப் பார்த்தது. "சாப்பிடலாமா?" என்றது.

"சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, தையல்காரி போய்க் கதவைச் சாத்தி உள்தாழ் போட்டாள். படியில் மருந்துக்கடைக்காரி யாரிடமோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்வது கேட்டது.

"ஒரு வேளைகூட நாம தவறவிடல. அந்த மட்டுக்கும் வயித்துக்குக் குறையில்லாமப் போனாரு."